ஈறு கெடுவது யாரால்?

தமிழாசிரியருக்கு ‘ஈறு’ என்றதும் சொல்லின் இறுதியே முதலில் நினைவுக்கு வரும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை விளக்க ‘ஓடாக் குதிரை’ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டாத ஆசிரியர் அரியர். ‘ஓடாத’ என்னும் சொல்லின் ஈறாகிய ‘த’ கெட்ட பின்னும் பொருள் கெடுவதில்லை; குதிரையும் தன் இடத்தில் நிற்கிறது. இலக்கணத்தில் ஈறு கெட்டால் இழப்பு ஒன்றுமில்லை. வாயில் ஈறு கெட்டாலோ பல் நிற்பதில்லை.

வாயிலுள்ள ஈறும் பழமையான சொல்லே. ‘எயிறு’ என்னும் பழஞ்சொல்லுக்குப் பல் என்றும் ஈறு என்றும் அகராதிகள் பொருள் கூறும். யாழ்ப்பாணத்தார் ஈற்றை ‘முரசு’ என்பர். பெயர் எதுவாயினும் அதன் நலம் மொழி கற்பிப்போர்க்கு மிகவும் வேண்டியது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாக்குப் பொருந்தப் பிறக்கின்றன என்றும், வகரம் பல்லும் இதழும் கூடப் பிறக்கிறது என்றும் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். ‘பல் போனால் சொல் போச்சு’ என்று மக்கள் கூறுவதும் இதுவே.

பல் ஏன் போகிறது? ‘வயதானால் விழத்தானே செய்யும்’ என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. முதுமை மட்டும் பல்லை விழச் செய்வதில்லை. வளர்ந்தோர் பல் இழப்பதற்குப் பெருங்காரணங்கள் இரண்டு: ஒன்று சொத்தை; மற்றொன்று ஈறுநோய். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடுமையான ஈறுநோய் உடையோர் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்.

அந்த நோய்க்குக் காரணம் யாது என்று கேட்டால், ‘கிருமி’ என்று பள்ளி மாணவனும் விடை கூறுவான். அவ்விடை தவறன்று, ஆனால் பாதி விடைதான். கிருமி தொடங்கி வைக்கிறது. ஈற்றையும் எலும்பையும் பெரும்பாலும் அழிப்பது, அக்கிருமியை எதிர்க்க எழுந்த நம் உடலின் சொந்த உயிரணுக்களே. இது வியப்பாகத் தோன்றலாம். அது நிகழும் முறையை அறிந்தால், நாள்தோறும் பல் துலக்குவது ஏன் வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பல்லும் ஈறும் கூடும் இடம்

நம் உடலைத் தோல் இடைவெளியின்றிப் போர்த்தியிருக்கிறது. மயிரும் நகமும் அத்தோலிலிருந்தே முளைப்பவை. பல் அத்தகையதன்று. அது தாடை எலும்பில் ஊன்றி நின்று, மேலுள்ள படலத்தைத் துளைத்து வெளியே வருகிறது. துளை உள்ள இடத்தில் கிருமி நுழைய வழி உண்டு. ஆகையால் பல்லின் கழுத்தைச் சுற்றி அவ்வழியை அடைப்பதற்கென்றே இயற்கை ஒரு தனி அமைப்பை வைத்திருக்கிறது.

பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே சிறு பள்ளம் ஒன்று உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். அப்பள்ளத்தின் அடியில், ஈற்றின் உயிரணுக்கள் பல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு மெல்லிய படலமாக நிற்கின்றன. அதனை நாம் ஒட்டுப்படலம் என்று வழங்குவோம். உதட்டின் மேல்தோலைப் போல அது செறிந்த படலம் அன்று. அதன் உயிரணுக்களுக்கு இடையே இடுக்குகள் மிகுதி. இது குறைபாடு போலத் தோன்றினும், அந்த இடுக்குகளுக்கு ஒரு பயன் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். இப்படலத்தின் உயிரணுக்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து, புதியவை அவ்விடத்தை அடைகின்றன. உதிரும் உயிரணுவோடு அதன்மேல் ஒட்டிய கிருமியும் போய்விடுகிறது.

ஒட்டுப்படலத்தின் கீழே ஈற்றின் சதை உள்ளது. அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் நார்ப்பொருள். அந்நாரை நூற்பவை ‘நாரணு’ எனத்தக்க உயிரணுக்கள். நார்களின் ஊடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அதற்கும் கீழே, பல்லைத் தாடையோடு பிணைக்கும் தசைநார்க் கட்டும் எலும்பும் இருக்கின்றன. ஆக, படல உயிரணு, நாரணு, எலும்பு என மூன்று அடுக்குகள். ஈறுநோய் இம்மூன்றையும் மேலிருந்து கீழாகத் தாக்குகிறது.

ஊத்தையில் ஓர் உலகம்

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்தில் வாழ்ந்த அந்தோனி வான் லீவன்ஹூக் என்பவர் துணி வணிகர். கண்ணாடி வில்லைகளைத் தாமே தேய்த்து நுண்ணோக்கி செய்தவர். தம் பற்களின் இடையே இருந்த வெண்மையான ஊத்தையை எடுத்து அதன் வழியே நோக்கினார். உயிருள்ள சிறு பொருள்கள் பல அதில் துள்ளித் திரியக் கண்டு, 1683-இல் லண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மனிதன் பாக்டீரியாவைக் கண்ட தொடக்கக் காட்சிகளுள் அதுவும் ஒன்று.

பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் மீண்டும் அதன்மேல் குடியேறுகின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் தீங்கற்றவை. அவை ஒருவகைப் பசையைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகத் தங்கிப் பெருகுகின்றன. நாம் ஊத்தை என்பது இதனையே. ஊத்தை தடிக்கத் தடிக்க அதன் அடியில் காற்று குறையும். அப்போது காற்று வேண்டாத வகைகள் வந்து சேர்கின்றன. எச்சிலிலுள்ள சுண்ணம் படிந்து ஊத்தை கெட்டியானால் அது காரையாகிறது. காரையைத் தூரிகையால் அகற்ற இயலாது.

ஊத்தைதான் ஈற்று வீக்கத்துக்குக் காரணம் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞர். அவரும் துணைவரும் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் செய்த ஆய்வு 1965-இல் வெளிவந்தது. நலமான ஈறு உடைய பன்னிருவர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர், பல் துலக்குவதை நிறுத்திவிட்டனர். 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிருவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் அனைவருடைய ஈறும் பழைய நிலைக்கு மீண்டது. எளிய ஆய்வுதான், ஆயினும் அது இரண்டு உண்மைகளை நிலைநாட்டியது. ஊத்தை சேர்ந்தால் ஈறு வீங்கும் என்பது ஒன்று. அந்நிலையில் விழித்துக்கொண்டால் முழுதும் மீளலாம் என்பது மற்றொன்று.

காவலர் கிருமியை அறியும் விதம்

ஒட்டுப்படலத்தின் உயிரணுக்கள் வழியை அடைக்கும் செங்கற்கள் மட்டுமே என்று முன்பு கருதினர். அவை காவலரும் ஆவர் என்பது இன்று தெளிவாகியுள்ளது. கண்ணும் காதும் இல்லாத ஓர் உயிரணு, எதிரே உள்ளது கிருமி என்று எவ்வாறு அறிகிறது?

விடை ஒரு சிறு ஈயிடமிருந்து வந்தது. பழங்களை மொய்க்கும் ஈயின் கருவளர்ச்சியை ஜெர்மனியில் ஆராய்ந்த கிறிஸ்டியானே நுஸ்லைன் ஃபோல்ஹார்டு, விந்தையான உருவுடைய ஓர் ஈப்புழுவைக் கண்டு ‘டோல்’ என்று வியந்தார். ஜெர்மன் மொழியில் அது ‘அருமை’, ‘அற்புதம்’ என்பது போன்ற வியப்புச் சொல். அம்மாற்றத்துக்குக் காரணமான மரபணுவுக்கும் அதுவே பெயராயிற்று. அதே மரபணு பழுதுபட்ட ஈ, காளான் நோயை எதிர்க்க மாட்டாமல் மடிகிறது என்பதைப் பிரான்சில் ஜூல்ஸ் ஹோஃப்மன் குழுவினர் 1996-இல் கண்டனர். அதனை ஒத்த உணரி பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் இருந்து, கிருமியின் மேலுறையை அறிகிறது என்பதை அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் 1998-இல் காட்டினர். இவ்விருவரும் 2011-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஒரு வியப்புச் சொல் நம் உடற்காவலின் பெயராகிவிட்ட கதை இது.

இந்த உணரிகள் பல வகையின. ஒரு வகை, கிருமியின் உறையில் கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்துள்ள ஒரு பொருளை அறியும். வேறொரு வகை, கொழுப்போடு கூடிய புரதங்களை அறியும். இப்பொருள்கள் கிருமியிடம் உண்டு, நம்மிடம் இல்லை. ஆதலால் உணரியில் அவை பட்டதும், அயலான் வந்துவிட்டான் என்பது உறுதியாகிறது. உடனே உயிரணுவினுள் கட்டுண்டு கிடந்த ஒரு தூதுப் புரதம் விடுபடுகிறது. அது உயிரணுவின் கருவுக்குள் புகுந்து, அங்குள்ள மரபணுக்களில் வேண்டியவற்றைத் தூண்டுகிறது. அவற்றின் கட்டளைப்படி உயிரணு இருவகைப் பொருள்களைச் செய்து வெளியிடும். ஒருவகை, கிருமியின் உறையைத் துளைத்து நேரே கொல்லும் சிறு புரதங்கள். இவற்றை டிஃபென்சின் என்பர். மற்றொரு வகை, பிற உயிரணுக்களை அழைக்கும் செய்திப் பொருள்கள்.

அழைப்பைக் கேட்டு வருவோர்

செய்திப் பொருள்களுள் முதன்மையான ஒன்று இண்டர்லூக்கின் 8. இது ஊத்தைக்கு அருகில் மிகுதியாகவும், தொலைவில் குறைவாகவும் பரவி நிற்கிறது. பூவின் மணம் மிகும் திசையில் வண்டு செல்வதுபோல, இதன் செறிவு மிகும் திசையை நோக்கி நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் விரைகின்றன. இரத்தக் குழாயின் சுவரைப் பிடித்து நின்று, அதன் இடுக்கில் நெளிந்து வெளியேறி, ஒட்டுப்படலத்தின் இடுக்குகள் வழியே பள்ளத்தை அடைகின்றன. ஒட்டுப்படலம் ஏன் செறிவின்றி இருக்கிறது என்பது இப்போது விளங்கும். அந்த இடுக்குகள் காவற்படை செல்லும் வழிகள். நலமான வாயிலும் இந்தப் போக்குவரத்து இரவும் பகலும் நடைபெறுகிறது. பள்ளத்தை அடைந்த வெள்ளணுக்கள் ஊத்தைக்கும் ஈற்றுக்கும் இடையே அரண்போல் நின்று, கிருமிகளை விழுங்குகின்றன.

இவ்வரண் இல்லாவிடில் என்ன ஆகும்? பிறவியிலேயே சிலருக்கு இரத்தக் குழாயின் சுவரைப் பிடிக்கும் புரதம் வெள்ளணுக்களில் இல்லாமற் போகிறது. அவர்களுடைய வெள்ளணுக்கள் இரத்தத்தில் நிறைந்திருந்தும் ஈற்றை வந்து அடைவதில்லை. அத்தகைய குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கடுமையான ஈறுநோய் தோன்றிப் பற்கள் விழுகின்றன. ஆகவே அழைப்பும் தேவை, வருகையும் தேவை.

அழைப்பு மிகுந்தால் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, ஈறு சிவக்கிறது. குழாயிலிருந்து நீர் கசிகிறது, ஈறு வீங்குகிறது. ஒட்டுப்படலம் மெலிந்து ஆங்காங்கே புண்ணாகிறது. தூரிகை பட்டதும் இரத்தம் வருகிறது. துலக்கும்போது உமிழும் நீரில் காணும் செந்நிறம், ஈற்றின் உயிரணுக்கள் நமக்கு விடுக்கும் அறிவிப்பு. வலி பெரும்பாலும் இராது. வலி இல்லாமையால்தான் அந்த அறிவிப்பை நாம் பொருட்படுத்துவதில்லை.

அழைப்பு நில்லாவிடில்

ஊத்தை அகற்றப்பட்டால் உணரிகள் அமைதியடையும்; செய்திப் பொருள்கள் குறையும்; படை திரும்பும். அகற்றப்படாவிட்டாலோ அழைப்பு வாரக் கணக்கில், மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. வெள்ளணு கிருமியைக் கொல்ல வெளியிடும் கூரிய நொதிகள் கிருமியை மட்டும் தேடிச் செல்வதில்லை. அருகிலுள்ள சதையையும் அரிக்கின்றன.

இப்போது நாரணுவின் நடத்தை மாறுகிறது. இண்டர்லூக்கின் 1 முதலிய செய்திப் பொருள்கள் அதனை எட்டியதும், நாரை நூற்கும் வேலை பின்தங்குகிறது. நாரை அறுக்கும் நொதிகளை அது மிகுதியாகச் சுரக்கத் தொடங்குகிறது. நெய்த கையே துணியைக் கிழிப்பது போன்ற நிலை இது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. புண்பட்ட பழைய நாரை நீக்கினால்தான் வெள்ளணுக்களுக்கு வழி கிடைக்கும். புது நாரை நெய்யவும் இடம் கிடைக்கும். சில நாள் நடக்கவேண்டிய இந்தப் பழுதுபார்ப்பு ஓயாமல் நடப்பதே கேடு. நார் அறுந்த இடத்தில் ஒட்டுப்படலம் பல்லின் வேரை நோக்கிக் கீழே இறங்குகிறது. 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என ஆழ்ந்து பையாகிறது. பையின் ஆழத்தில் தூரிகை எட்டாது, காற்றும் குறைவு. காற்று வேண்டாத கிருமிகளுக்கு அதைவிட நல்ல இருப்பிடம் வேறில்லை.

அடுத்து எலும்பின் முறை. எலும்பு என்றும் மாறாத கல் அன்று. அதனைக் கரைக்கும் உயிரணுக்களும் கட்டும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுதும் வேலை செய்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை எலும்பு நிலைத்திருக்கும். கரைக்கும் உயிரணுவை முதிரச் செய்யும் ஒரு செய்திப் புரதமும், அப்புரதத்தைப் பற்றித் தடுக்கும் மற்றொரு புரதமும் உண்டு. நெடுநாள் வீக்கத்தில் நாரணுக்களும் வெள்ளணுக்களுள் சில வகைகளும் முதலாவதை மிகுதியாக வெளியிடுகின்றன. தராசு சாய்கிறது. எலும்பு கரைந்து, வீக்கத்திலிருந்து விலகிப் பின்வாங்குகிறது. கிருமி எலும்பைத் தின்றது என்று நாம் எண்ணுகிறோம். கரைத்தவை நம் எலும்பின் உயிரணுக்களே. எலும்பு விலகியதும் பல் ஆடுகிறது. கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை.

காவலரை ஏய்க்கும் கிருமி

ஊத்தையிலுள்ள எல்லாக் கிருமிகளும் ஈற்றோடு ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. ஈறுநோயில் அறிஞர்கள் மிகுதியாக ஆராய்ந்த கிருமி போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். பெயரின் முற்பகுதி ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தும், பிற்பகுதி ஈற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. ஆய்வுக்கூடத்தில் இரத்தம் கலந்த உணவில் வளர்த்தால் இது கருநிறக் கூட்டமாக வளர்கிறது. இரத்தத்திலுள்ள இரும்புப் பொருளைத் திரட்டி வைத்துக்கொள்வதே அந்நிறத்துக்குக் காரணம்.

இக்கிருமி காவலரை எதிர்த்துப் போரிடுவதில்லை, ஏய்க்கிறது. இதன் மேலுறைப் பொருள் வழக்கமான வடிவத்தில் இல்லாமையால் உணரி அதனைத் தெளிவாக அறிவதில்லை. உறையின் சில வடிவங்கள் உணரியை அடைத்தே விடுகின்றன. மெல்லிய மயிர் போன்ற உறுப்புகளால் படல உயிரணுவைப் பற்றி, அதனுள்ளேயே புகுந்து தங்கவும் இதற்கு ஆற்றல் உண்டு. புகுந்த உயிரணு விரைவில் மடிந்துவிடாதபடியும் பார்த்துக்கொள்கிறது. குடியிருக்கும் வீடு இடியலாகாது அன்றோ!

ஊத்தையில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்னும் கிருமி ஈற்றின் உயிரணுவைத் தொட்டால், உயிரணு இண்டர்லூக்கின் 8-ஐ மிகுதியாக வெளியிட்டு அழைக்கிறது. போர்பைரோமோனாஸ் புகுந்த உயிரணுவோ அழைப்பதில்லை. பிற கிருமிகள் வந்து தொட்டாலும் வாய் மூடி நிற்கிறது. அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு டார்வோவும் துணைவரும் 1998-இல் இதனை வெளியிட்டு, அழைப்பு முடங்கிய நிலை என்று பெயரிட்டனர்.

அழைப்பு முடங்கினால் வீக்கம் குறையவேண்டுமே, கூடுவது ஏன் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. காவல் தளர்ந்த சிறு பொழுதில் பக்கத்திலுள்ள பிற கிருமிகள் பெருகிவிடுகின்றன. பின்னர் எழும் எதிர்ப்பு இடமும் அளவும் அறியாத எதிர்ப்பாகிறது. மேலும், இக்கிருமி சுரக்கும் நொதிகள் வந்து சேர்ந்த வெள்ளணுக்களின் கொல்லும் திறனைக் குறைக்கின்றன. ஆனால் வீக்கத்தை வளர்க்கும் திறனைக் குறைப்பதில்லை. கிருமி சாகாமல் சதை மட்டும் அழிகிறது. அழியும் சதையிலிருந்து புரதத் துணுக்குகளும், கசியும் இரத்தத்திலிருந்து இரும்பும் கிடைக்கின்றன. இவையே இக்கிருமியின் உணவு. நம் வீக்கம் அதற்கு விருந்தாகிறது.

ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் முதலியோர் 2011-இல் சுண்டெலிகளைக்கொண்டு செய்த ஆய்வு இதனை நன்கு விளக்குகிறது. எலியின் வாயில் இக்கிருமியைச் சேர்த்தபோது, அது மொத்தக் கிருமிகளில் 10,000-இல் ஒரு பங்குக்கும் குறைவாகவே தங்கியது. ஆயினும் மற்றக் கிருமிகளின் தொகையும் கலப்பும் மாறின. தாடை எலும்பு கரைந்தது. வேறு கிருமி எதுவும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலியின் வாயில் இதனைத் தனியே விட்டபோதோ எலும்பு கரையவில்லை. தனியே தீங்கு செய்யமாட்டாத சிறுபான்மை, பெரும்பான்மையைக் கெடுத்துத் தீங்கு விளைக்கிறது. வளைவு வாயிலின் உச்சியில் வைக்கும் கல் ஒன்றே ஆயினும் முழு வளைவும் அதனால் நிற்கிறது அல்லவா? அக்கல்லின் பெயரையே ஆங்கிலத்தில் இத்தகைய கிருமிக்கு இட்டுள்ளனர்.

தேயிலைத் தோட்டம் தந்த பாடம்

எதிர்ப்பே அழிவுக்குக் காரணமானால், எதிர்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும்போது அழிவும் வேறுபடவேண்டும். அவ்வாறு வேறுபடுகிறதா? இதற்கு விடை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கிடைத்தது. அவ்விடையைத் தந்தவர் நம் தமிழ்த் தொழிலாளர்.

முன்னர்க் கூறிய ஹரால்ட் லோவும் துணைவரும் 1970-இல் அங்குச் சென்று 480 ஆண் தொழிலாளரின் பற்களையும் ஈறுகளையும் அளந்தனர். 1985 வரை பலமுறை திரும்பச் சென்று அளந்தனர். அத்தொழிலாளர் தூரிகைகொண்டு பல் துலக்கும் வழக்கம் இல்லாதவர். பல் மருத்துவ வசதியும் அறியாதவர். சொத்தைப் பல் அவர்களிடம் அரிது. ஊத்தையும் காரையும் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. ஈற்று வீக்கமும் எல்லாருக்கும் இருந்தது.

முடிவு 1986-இல் வெளிவந்தது. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே வழக்கம். ஆயினும் அவர்கள் மூன்று பிரிவாகப் பிரிந்தனர். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைந்து முற்றியது. 81 பேருக்கு நடுத்தரமாக வளர்ந்தது. எஞ்சிய 11 பேருக்கு வீக்கத்துக்கு அப்பால் நோய் செல்லவே இல்லை. 35 வயதில் பல்லின் பிடிப்பு முதற்பிரிவினர்க்குச் சராசரி 9 மில்லிமீட்டரும், இரண்டாம் பிரிவினர்க்கு 4 மில்லிமீட்டரும் குறைந்திருந்தது. மூன்றாம் பிரிவினர்க்கு 1 மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

ஊத்தை இல்லாமல் நோய் இல்லை. ஆனால் ஊத்தை மட்டும் நோயின் அளவை முடிவு செய்வதில்லை என்பது இதனால் விளங்கும். எந்தக் கிருமி இருக்கிறது, அவரவர் உயிரணு எவ்வளவு உரக்க அழைக்கிறது, எப்போது அமைதியாகிறது என்பவை அளவை முடிவு செய்கின்றன. அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி பிறவியமைப்பால் வருவது என்று மதிப்பிட்டது.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் இன்றும் அந்த மூன்று எண்களைப் படிக்கின்றனர். துலக்கக் கற்பிப்பாரின்றிப் பல் இழந்த தொழிலாளரின் வாயிலிருந்து பெற்ற எண்கள் அவை. அந்த அறிவின் பயன் முதலில் நம்மவரைச் சேரவேண்டும் என்று விரும்புவது தவறாகாது.

நாம் செய்யத்தக்கவை

ஈற்றில் இரத்தம் கண்டால் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிடுகின்றனர். புண் ஆறட்டும் என்பது எண்ணம். இதுவே பெரும் பிழை. ஊத்தை தங்கினால் அழைப்பு நீளும். அழைப்பு நீண்டால் புண் ஆறாது. மென்மையான தூரிகையால், பல்லும் ஈறும் கூடும் வரம்பில் நாள்தோறும் இருமுறை அழுத்தாமல் துலக்கவேண்டும். பல்லிடுக்கை நூலாலோ சிறு தூரிகையாலோ தூய்மை செய்யவேண்டும். சில நாட்களில் இரத்தம் நிற்பது பெரும்பாலோர் காணும் உண்மை. இரண்டு வாரத்துக்குப் பின்னும் நிற்கவில்லையாயின், காரையோ பையோ இருக்கலாம். அதனை மருத்துவரே சுரண்டி எடுக்கவேண்டும். காரை எடுத்தால் பல் ஆடும் என்பது வீண் அச்சம். எலும்பு கரைந்தமையால் முன்பே ஆடிய பல்லைக் காரை மறைத்து வைத்திருந்தது என்பதே உண்மை.

கிருமிக்கொல்லி மாத்திரை மட்டும் உண்டால் போதாதா என்று சிலர் கேட்பர். பசைக்குள் அடுக்காக வாழும் கிருமிகளை மருந்து எளிதில் எட்டுவதில்லை. எட்டிச் சில அழிந்தாலும் ஊத்தை மீண்டும் படியும். மற்றொரு செய்தி நம் கட்டுரையின் கருத்துக்கு நல்ல சான்று. டாக்சிசைக்கிளின் என்னும் மருந்தை, கிருமியைக் கொல்லப் போதாத 20 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை கொடுக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 1998-இல் ஒப்புதல் அளித்தது. கிருமியைக் கொல்லாத மருந்து எதற்கு? நாரை அறுக்கும் நம் சொந்த நொதிகளை அடக்குவதற்கு. ஊத்தையைச் சுரண்டி எடுப்பதோடு துணை மருந்தாகவே அது பயன்படும். மருத்துவர் சொன்னால் மட்டுமே உண்ணத்தக்கது.

நீரிழிவு உடையோர் இதில் தனிக் கருத்துச் செலுத்தவேண்டும். மலேசியா, சிங்கப்பூர் வாழ் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதை நாம் அறிவோம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் ஈற்று உயிரணுக்களின் எதிர்ப்பு அளவு மீறுகிறது. புண் ஆறுவதும் தாமதமாகிறது. மறுபுறம், ஈற்றின் நெடுநாள் வீக்கம் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. புகைபிடிப்போர்க்கு வேறோர் ஆபத்து உண்டு. புகை ஈற்றின் இரத்தக் கசிவைக் குறைத்துவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தும் வெளியே அறிவிப்பு வருவதில்லை. இரத்தம் வராமையை அவர்கள் நலத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

பள்ளியில் உடல்நலப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், பல் துலக்கினால் பல் வெண்மையாகும் என்பதோடு நிறுத்திவிடாமல், ஈற்றின் காவலர் அமைதி பெறுவர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சிறுவர்க்கு வரும் ஈற்று வீக்கம் பெரும்பாலும் முழுதும் மீளக்கூடிய நிலையிலேயே இருக்கும். உமிழும் நீரில் சிவப்பைக் கண்டால் மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லும்படி அவர்களைப் பழக்கினால், கரைந்தால் மீளாத எலும்பு கரையாமலே நிற்கும்.